குவியலின் அடியையும் பாருங்கள்



வணிகம் செய்வோர் இல்லங்களில் ஆண்டுக்கொரு முறை ஒரு பேச்சு எழுவதுண்டு. "சரக்கிருப்பு எடுக்க வேண்டுமே" என்பார் குடும்பத் தலைவர். அவர் ஜவுளிக் கடையோ மருந்துக் கடையோ வைத்திருப்பவரானால், அந்தப் பேச்சு அத்துடன் முடிந்து வேலை தொடங்கிவிடும். அலமாரியில் அடுக்கப்பட்ட பொருள்கள்தாமே! எண்ணி எழுதினால் போயிற்று.

பழைய இரும்புக் கடை, தோல் மண்டி, மரவாடி, உப்பளம், ஆட்டுப் பட்டி, மீன் குளிர்ப்பதனக் கிடங்கு ஆகியவற்றை நடத்துவோர் வீடுகளில் நிலைமை வேறு. "அந்தக் குப்பைக்குள் போய் எதை எண்ணுவது? போன ஆண்டுக் கணக்கில் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிடலாம்" என்று யாரேனும் ஒருவர் சொல்வார். மற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். கணக்கர் ஒரு தொகையை எழுதுவார். தணிக்கையாளர் கையொப்பமிடுவார். அந்தத் தொகையே அந்த ஆண்டின் உண்மையாகிவிடும்.

இந்தத் திங்கள் அந்தப் பெருமூச்சைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன். பிறர் குறையைச் சொல்லித் தொடங்குவது முறையன்று. ஆகவே என் குறையிலிருந்தே தொடங்குகிறேன்.

மூக்கைப் பொத்திய நாள்

ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, தணிக்கையாளர் ஒருவரிடம் நான் உதவியாளனாகச் சேர்ந்திருந்த புதிது. திண்டுக்கல் பக்கத்து ஊரொன்றில் இருவர் கூட்டாக ஆட்டுத்தோல் மண்டி நடத்தி வந்தனர். கூட்டாளிகளில் இளையவர் திடீரென வஃபாத்தாகிவிட்டார். மனைவியும் சிறு பிள்ளைகள் இருவரும் அவருக்கு வாரிசுகள். கூட்டைக் கலைத்து, அவருக்குரிய பங்கை அந்தக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஜமாஅத்துப் பெரியவர்கள் பேசி முடித்தனர். கடையிடமும் வெளியே நின்ற பாக்கிகளும் மூத்தவருக்கு; கிடங்கிலிருந்த சரக்கு முழுவதும் இறந்தவர் குடும்பத்துக்கு; விலையில் ஏற்றத்தாழ்வு இருந்தால் ரொக்கத்தால் சரிக்கட்டுவது. சரக்கை எண்ணி விலை போட்டுத் தரும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. என்னை அனுப்பினார்கள்.

கோடைப் பகல். உப்பிட்ட தோல்கள் அடுக்கடுக்காக நின்றிருந்த நீண்ட கிடங்கு. கதவைத் திறந்ததும் எழுந்த வாடையை, தோல் தொழில் ஊர்களில் வாழ்வோருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தரையெங்கும் உப்பு நீர். ஈக்கள். உள்ளே ஒரே ஒரு விளக்கு. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலருகே நின்றேன். முன்வரிசையில் இரண்டு அடுக்குகளை மண்டித் தொழிலாளி எண்ணிக் காட்டினார். அடுக்குக்கு 200 தோல். மொத்தம் 22 அடுக்குகள் தெரிந்தன. பெருக்கினேன், 4,400 என்று எழுதினேன். கையொப்பமிட்டுவிட்டு அரை மணி நேரத்தில் தெருவுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு திங்கள் கழித்து அந்தக் குடும்பத்தார் சரக்கை விற்க முற்பட்டபோது செய்தி வந்தது. என் முதலாளி என்னை அழைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். அந்த அம்மையாரின் இத்தா காலம் முடிந்திருக்கவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வந்தது.

"தம்பி, நீங்க பின்வரிசை வரைக்கும் போய்ப் பாத்தீங்களா?"

இல்லை என்று சொன்னேன். அதற்குமேல் அவரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் என் முதலாளி மட்டும் சொன்னார்: "மூக்கைப் பொத்திக்கலாம் தம்பி. கண்ணைப் பொத்திக்கக் கூடாது."

மறுநாள் முதல் மூன்று நாட்கள், மண்டித் தொழிலாளர் இருவருடன் நானும் சேர்ந்து ஒவ்வோர் அடுக்கையும் இறக்கி எண்ணி மீண்டும் ஏற்றினோம். முன்பக்கத்து 14 அடுக்குகளிலும் 200 தோல்கள் சரியாக இருந்தன. பின்பக்கத்து 8 அடுக்குகள், தரையீரத்துக்காக உயரமான மரப்பலகைகளின் மேல் ஏற்றப்பட்டிருந்தன. வாசலிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே உயரம். உண்மையிலோ அவற்றில் 130 தோல்கள்தாம் இருந்தன. ஆக, மொத்தம் 3,840. அவற்றிலும் 400 தோல்கள் உப்புப் போதாமல் சூடேறி, மயிர் கழன்று வீணாகியிருந்தன. விலைக்கு ஆகும் தோல் 3,440 மட்டுமே. நான் எழுதித் தந்த எண்ணிக்கையில் 960 தோல்கள் இல்லாத தோல்கள்!

கூட்டாளி யாரையும் ஏமாற்றவில்லை. தொழிலாளி பொய் சொல்லவில்லை. போய்ப் பார்க்க வேண்டியவன் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மூத்த கூட்டாளி நல்லவர். குறைந்த தொகையை இரண்டு தவணைகளில் தந்து முடித்தார். ஆனால் அந்த 400 தோல்களில் ஒரு பகுதியையாவது, முதல் நாளே கண்டு மறு உப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அந்த நட்டத்தை யாரும் ஈடு செய்யவில்லை. அது இரண்டு எத்தீம் பிள்ளைகளின் பங்கிலிருந்து போயிற்று.

பெரிய இடத்துப் பாடங்கள்

இது ஒரு சிற்றூர் மண்டியின் கதை. கோடிக்கணக்கில் வணிகம் புரிந்த நிறுவனங்களும், படித்த தணிக்கையாளர்களும் இதே வாசலில் நின்றுதான் தவறியிருக்கிறார்கள்.

1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கிங்ஸ்டன் பஞ்சாலை வழக்கு நடைபெற்றது. அந்த ஆலையின் மேலாளர் பல ஆண்டுகளாகச் சரக்கிருப்பை மிகைப்படுத்தி எழுதித் தந்திருந்தார். தணிக்கையாளர்கள் அவர் தந்த சான்றை அப்படியே ஏற்றுக்கொண்டனர். தணிக்கையாளர் காவல் காக்கும் நாய்க்கு ஒப்பானவர். மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாய்க்கு ஒப்பானவர் அல்லர் என்ற கருத்தில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. சரக்கை நேரில் பார்ப்பது தணிக்கையாளரின் வேலையன்று என்ற எண்ணம் அதன் பின்னரும் நெடுங்காலம் நிலைத்தது.

அந்த எண்ணத்தை உடைத்தது 1938இல் அமெரிக்காவில் வெளிப்பட்ட மெக்கெசன் அண்டு ராபின்ஸ் மோசடி. மருந்துப் பொருள் வணிகத்தில் பெயர் பெற்ற அந்த நிறுவனத்தின் தலைவர், முன்னரே தண்டனை பெற்றவர். பெயரை மாற்றிக்கொண்டு அப்பதவியில் அமர்ந்திருந்தார். கனடாவிலுள்ள கிடங்குகளில் மூல மருந்துச் சரக்குகள் குவிந்திருப்பதாக ஏடுகள் கூறின. கிடங்குச் சீட்டுகள் இருந்தன. கொள்முதல் சீட்டுகள் இருந்தன. சரக்கு மட்டும் இல்லை. ஏறத்தாழ 8.7 கோடி டாலர் என்று காட்டப்பட்ட சொத்துகளில் 1.9 கோடி டாலர் வெறும் காகிதம். எவரேனும் ஒருவர் ஒரு நாள் அந்தக் கிடங்குக்கு நேரில் சென்றிருந்தால் போதும்! மறு ஆண்டான 1939இல், சரக்கு எண்ணப்படும்போது தணிக்கையாளர் உடனிருந்து பார்க்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கக் கணக்காளர் அமைப்பு ஏற்றுக்கொண்டது.

நேரில் போய்ப் பார்த்தால் மட்டும் போதுமா? போதாது என்று 1963 கற்பித்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் என்னும் ஊரில், டினோ டி ஆஞ்சலிஸ் என்பவர் சமையல் எண்ணெயைப் பெரும் தொட்டிகளில் சேர்த்து வைத்திருப்பதாகக் காட்டி, அதை ஈடாக வைத்துக் கடன் வாங்கினார். ஆய்வாளர்கள் தொட்டியின் மேலேறி அளவுகோலை விட்டார்கள். எண்ணெய் ஒட்டி வந்தது. உண்மையில் பல தொட்டிகளில் இருந்தது தண்ணீர். எண்ணெய் நீரைவிட இலேசானது அல்லவா? மேலே மிதந்த எண்ணெய் கீழிருந்த நீரை மறைத்தது. ஒரு தொட்டியில் அளந்து முடித்ததும், அதே எண்ணெய் குழாய் வழியே அடுத்த தொட்டிக்கு அனுப்பப்பட்டதும் உண்டு. கடன் கொடுத்தவர்களுக்கு 15 கோடி டாலருக்கும் மேல் இழப்பு.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது, நாம் சிறு வயது முதல் மதரஸாவில் கேட்டு வளர்ந்த ஒரு நிகழ்ச்சிதான் என் நினைவுக்கு வந்தது. கடைத்தெருவில் குவித்து வைத்திருந்த தானியத்தினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தை நுழைத்துப் பார்த்தார்கள்; விரல்களில் ஈரம் தட்டிற்று. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஒரு குவியலைச் சோதிக்க வேண்டிய முறை அந்தச் செயலிலேயே இருக்கிறது. பேயோனில் அளவுகோலுடன் ஏறியவர்கள் தொட்டியின் மேற்பகுதியோடு நின்றுவிட்டார்கள். நானோ வாசலோடு நின்றுவிட்டேன்.

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு வழி

"சரி, எண்ணவே முடியாத பொருளை எப்படி எண்ணுவது?" என்று நீங்கள் கேட்பீர்கள். எண்ண முடியாதவற்றை அளக்கலாம். அளக்க முடியாதவற்றை நிறுக்கலாம். இரண்டும் இயலாதபோது மாதிரி எடுத்துக் கணக்கிடலாம். வழியற்ற இடம் அரிது. சில இடங்களைப் பார்ப்போம்.

உப்பு, மணல், நிலக்கரி ஆகியவை கூம்பு வடிவில் குவிந்திருந்தால், அடிப்பகுதியின் சுற்றளவை மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை உயரத்தால் பெருக்கி, 38ஆல் வகுத்தால் கன அளவு கிடைக்கும். 30 மீட்டர் சுற்றளவும் 3 மீட்டர் உயரமும் உள்ள குவியலில் ஏறத்தாழ 71 கன மீட்டர் பொருள் இருக்கும். பிறகு 20 லிட்டர் கொள்ளும் தகர டின்னில் அந்தப் பொருளை நிரப்பி நிறுத்து, அந்த எடையை 50ஆல் பெருக்கினால் ஒரு கன மீட்டரின் எடை தெரியும். மேலே ஒரு டின், நடுவே ஒரு டின், அடியில் ஒரு டின் எடுத்து நிறுப்பது அவசியம். மேலே உலர்ந்து கிடக்கும் பொருள் அடியில் இறுகியும் ஈரமாகவும் இருக்கும். அளப்பதில் கவனம் தேவை. உயரத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினால் கணக்கிலும் அதே பிசகுதான். சுற்றளவில் அப்படிப் பிசகினால் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிசகும். 'கண்பார்வைக்கு இவ்வளவு இருக்கும்' என்று சொல்பவரின் பிழை எவ்வளவு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பழைய இரும்புக் கடையில் முதலில் இரும்பைத் தொடாதீர்கள். செம்பு, பித்தளை, ஈயம், அலுமினியம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து நிறுத்துவிடுங்கள். எடையில் சிறிய பங்கான அவற்றில்தான் மதிப்பின் பெரும்பங்கு இருக்கும். களவு போவதும் அவைதாம். மின்கம்பிச் சுருளாக இருந்தால், ஒரு மீட்டர் வெட்டி மேலுறையை உரித்துச் செம்பை மட்டும் நிறுத்து, அந்த விகிதத்தை மொத்தத்துக்கும் பொருத்துங்கள். இரும்புக் குவியலை அன்றே நிறுக்க முடியாவிட்டால், அடுத்து லாரியில் ஏற்றி விற்கும்போது கிடைக்கும் எடைமேடைச் சீட்டுகளைச் சேர்த்து வைத்து, இடையில் வாங்கியதைக் கழித்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம்.

எண்ணெய்த் தொட்டி என்றால் மேல், நடு, அடி மூன்றிலும் மாதிரி எடுக்க வேண்டும். நீர் பட்டால் நிறம் மாறும் பசை ஒன்று கிடைக்கிறது. அதை அளவுகோலின் நுனியில் பூசி அடிவரை இறக்கினால், எவ்வளவு உயரத்துக்கு நீர் நிற்கிறது என்பது தெரிந்துவிடும். குழாயால் இணைந்த தொட்டிகள் பல இருந்தால், வால்வுகளை மூடிவிட்டு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அளப்பதே முறை.

இறால், மீன் வைக்கும் குளிர்ப்பதனக் கிடங்கில் வெப்பநிலை சுழிக்குக் கீழே 18 பாகையளவில் இருக்கும். நடுக்கத்தில் எவரும் விரைவாக எண்ணிவிட்டு வெளியேறவே விரும்புவர். முன்வரிசைப் பெட்டிகளை மட்டும் எண்ணி, ஆழத்தால் பெருக்குவதுதான் அங்கே வழக்கமான தவறு. உள்வரிசையில் சில பெட்டிகளையேனும் வெளியே இழுத்துத் திறந்து பாருங்கள். உறைந்த இறாலின் மேல் காப்புக்காகப் பனிக்கட்டிப் பூச்சு இருக்கும். மாதிரிப் பெட்டி ஒன்றில் அதை உருக்கி வடித்த பிறகு நிறுத்தால்தான் இறாலின் உண்மையான எடை தெரியும். இல்லாவிடில் தண்ணீரையும் இறால் விலைக்கு எழுதுவீர்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஆட்டுப் பட்டிகள் நிறைந்திருக்கும் காட்சியை நாம் அறிவோம். ஓடும் ஆடுகளை நடுவில் நின்று எண்ணினால் ஒவ்வொரு முறையும் ஓர் எண் வரும். குறுகிய வாயில் ஒன்றை அமைத்து ஒவ்வொன்றாக விட்டு, கடந்ததன் முதுகில் வண்ணம் தடவிவிட்டால் இரு முறை எண்ணுவதும் விட்டுப்போவதும் நேராது.

தோல் பதனிடும் ஆலைகளில் சுழலும் டிரம்முக்குள்ளும் சுண்ணாம்புக் குழிக்குள்ளும் இருக்கும் தோலை எண்ண முயல வேண்டாம். உள்ளே போட்டபோது எழுதிய அட்டையைக் குறித்துக்கொண்டு, வெளியே எடுக்கும்போது எண்ணி ஒப்பிடுங்கள். பதனிட்டு முடித்த தோல்களுக்குச் சதுர அடி அளவு அவற்றின் பின்புறமே எழுதப்பட்டிருக்கும். சிலவற்றை மீண்டும் அளந்து சரிபார்த்தால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோலாலைக் கழிவுக் குழிகளிலும் மூடிய தொட்டிகளிலும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுக்காற்று தேங்கும். அடர்த்தி மிகும்போது மூக்கு அந்த வாடையை உணரும் ஆற்றலையே இழந்துவிடும். வாடையில்லை என்று எண்ணி இறங்கியவர் மீள மாட்டார். கணக்குக்காக எந்தத் தொழிலாளியையும் குழிக்குள் இறக்காதீர்கள். குளிர்க் கிடங்குக்குள் தனியாக யாரையும் அனுப்பாதீர்கள். கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பார்த்த பின்னரே நுழையுங்கள். சரியும் குவியலின் அடியில் நிற்காதீர்கள். எந்தச் சரக்கும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

எங்கும் பொருந்தும் ஐந்து

இடம் எதுவாயினும் மாறாத விதிகள் ஐந்து உண்டு.

முதலாவது, எண்ணும் நேரத்தில் சரக்கு அசையக் கூடாது. வரத்தையும் போக்கையும் நிறுத்துங்கள். கடைசியாக வந்த சரக்கின் சீட்டு எண்ணையும், கடைசியாக வெளியே போன சரக்கின் சீட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இருவர் இருவராக எண்ணுங்கள். ஒருவர் எண்ணட்டும், மற்றவர் எழுதட்டும். அவர்களில் ஒருவராவது அந்தச் சரக்கின் பொறுப்பாளர் அல்லாதவராக இருக்கட்டும்.

மூன்றாவது, ஏட்டில் உள்ள எண்ணிக்கையை எண்ணுபவருக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள். 200 இருக்க வேண்டும் என்று தெரிந்தவர், 190 எண்ணியதும் மீதியைக் கண்ணால் எண்ணி முடித்துவிடுவார்.

நான்காவது, எண்ணி முடித்ததில் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடுங்கள். அல்லது எண்ணிட்ட சீட்டை ஒட்டுங்கள். முடிவில் எல்லாச் சீட்டுகளும் திரும்பி வந்தனவா என்று பாருங்கள்.

ஐந்தாவது, இரு வழியிலும் சரிபாருங்கள். ஏட்டில் இருப்பது தரையில் இருக்கிறதா? தரையில் இருப்பது ஏட்டில் இருக்கிறதா? பெரும்பாலோர் முதற்கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். குப்பை மிகுந்த இடங்களில் இரண்டாவது கேள்விதான் மறந்துபோன சரக்கை வெளிக்கொணரும்.

பிறர் பொருள் உங்கள் கிடங்கில் அமானிதமாக இருக்கலாம். அதை உங்கள் கணக்கில் சேர்க்கலாகாது. உங்கள் பொருள் பிறரிடம் இருக்கலாம், அதை விட்டுவிடலாகாது. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் பீடி சுற்றும் பெண்மணிகளின் வீடுகளில் இருக்கும் இலையும் தூளும் கொடுத்தவரின் சரக்கே. கொடுத்த எடை சரியாக எழுதப்படாவிட்டால், பின்னர் இலை குறைகிறது என்று அந்தப் பெண்களின் கூலியில்தான் கை வைக்கப்படும். எண்ணாமல் விட்டவரின் குற்றத்துக்கு எண்ணப்படாதவர் தண்டம் கட்டுகிறார். ஆகவே சகோதரிகளே, இலையை வாங்கும்போதே எடையைப் பார்த்து உங்கள் கையேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் கடமையும்

இன்று நம் நாட்டில் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சரக்கு கணிசமானதாக இருந்தால், எண்ணும்போது தணிக்கையாளர் உடனிருக்க வேண்டும் என்பது தணிக்கைத் தரம் 501இன் விதி. நிறுவனங்களுக்கான 2020ஆம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை ஆணையோ, ஏதேனும் ஒரு வகைச் சரக்கில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ வேறுபாடு தென்பட்டதா, அது கணக்கில் முறையாகச் சரிசெய்யப்பட்டதா என்பதையும் அறிக்கையில் கூறுமாறு பணிக்கிறது. சிறு கடைகளுக்கு இவ்விதிகள் பொருந்தாமல் போகலாம். ஆனால் நம் கடைகளுக்கு வேறு இரண்டு கடமைகள் உள்ளன.

ஒன்று ஜகாத். விற்பனைக்கென வைத்திருக்கும் சரக்குக்கு, சந்திர ஆண்டு நிறைவுறும் நாளின் சந்தை விலைப்படி நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும் என்பது பெரும்பான்மை மார்க்க அறிஞர்களின் முடிவு. தராசு, அலமாரி, இயந்திரம் ஆகியவற்றுக்கு இல்லை. வருமான வரிக் கணக்கோ மார்ச் 31இல் முடிகிறது. அதிலும் சரக்கை வாங்கிய விலை, விற்கத்தக்க விலை இரண்டில் குறைந்ததையே எழுதுவர். சந்திர ஆண்டு ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே மார்ச்சு மாத ஏட்டைப் பார்த்து ரமலானில் ஜகாத் கணக்கிடுவது நாளாலும் பிழை, விலையாலும் பிழை. 8 இலட்சம் ரூபாய்ச் சரக்குக்கு ஜகாத் 20,000 ரூபாய். பின்வரிசையில் பார்க்காமல் விட்ட சரக்கு ஒன்றரை இலட்சம் என்றால், 3,750 ரூபாய் ஏழையின் கைக்குப் போகவில்லை. அந்த ஏழை நம் கிடங்குக்கு வந்து எண்ணிக் கேட்கப் போவதில்லை. உங்கள் கடையின் தன்மைக்கேற்ற நுணுக்கங்களை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்; ஆனால் கேட்கப் போகும் முன் எண்ணிக்கொண்டு போங்கள்.

மற்றொன்று வாரிசுரிமை. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒன்று என்பதை எவராலும் மாற்ற முடியாது. ஆனால் எதில் எட்டில் ஒன்று? அதை நாம்தான் எண்ணித் தர வேண்டும். பங்கு விகிதத்தில் இம்மியும் பிசகாத பெரியவர்கள், பங்கிடப்படும் பொருளைக் குத்துமதிப்பாக எழுதி முடிப்பதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். விகிதம் சரியாக இருந்தும் அந்த வீடுகளில் எத்தீமின் பங்கு குறைந்திருக்கிறது.

கடைக்காரர் உயிரோடிருக்கும்போது எந்த மூலையில் என்ன கிடக்கிறது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் கண் மூடினால் அந்த ஏடும் மூடிவிடுகிறது. ஆண்டுதோறும் எண்ணி எழுதிய நோட்டு ஒன்று வீட்டில் இருந்தால், அதைத் திறந்து பார்த்து நியாயம் கேட்க அவர் மனைவிக்கு ஒரு வழி இருக்கும். அந்தத் திண்டுக்கல் பக்கத்து வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருக்கவில்லை. இருந்ததெல்லாம் என் கையொப்பமிட்ட தாள் ஒன்றுதான்.

ஆகவே அன்பர்களே, இந்தத் திங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கிடங்கில் நீங்கள் நெடுநாளாகப் போகாத ஒரு மூலை இருக்கும். ஒரு விளக்கையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, மகனையோ தம்பியையோ உடன் அழைத்துக்கொண்டு அங்கே போங்கள். மேலே கிடப்பதை அகற்றி அடியில் இருப்பதை எண்ணுங்கள். நல்லதைத் தனியாகவும் கெட்டதைத் தனியாகவும் எழுதுங்கள். தேதியிட்டு இருவரும் கையொப்பமிடுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள்.

நான் அன்று நுழையாத பின்வரிசைக்கு, அதன் பிறகு சென்ற ஒவ்வொரு கிடங்கிலும் முதலில் போய்விடுகிறேன். வாசலருகே இருப்பதைக் கடைசியில் எண்ணிக்கொள்ளலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த திங்கள் மீண்டும் சந்திப்போம்.